கோத்த மணிமாலை அல்ல: மைசெல் உருளைகள் பற்றி ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கரைப்பானை விரும்பும் தலையும் அதை வெறுக்கும் வாலும் கொண்ட மூலக்கூறுகள் கரைசலில் கூடி அமைக்கும் நுண்திரளே மைசெல். தங்கள் ஞாயிறு இதழின் அறிவியல் பக்கத்தில் பல்பகுதிய (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான) மைசெல்கள் பற்றி வெளியான கட்டுரையை இங்கு உயர்தர இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். இப்படியான விடயம் தமிழில் அச்சாவது அபூர்வம். ஒட்டி வைத்தது பிழையாக இருந்தால் பரீட்சை மண்டபம் வரை போகும் என்பதால்தான் இக்கடிதம்.

அக்கட்டுரையின் படத்தில் உருண்டை மைசெல்கள் பாசிமணிபோல ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட உருளையாகின்றன. கீழே, சவர்க்கார மூலக்கூறுகளின் வால்கள் 'ஒன்றையொன்று கவர்ந்து' கூடுகின்றன என்ற விளக்கம். இரண்டுமே பொருந்தாது. வேடிக்கை என்னவென்றால், அதே பக்கத்தின் அடியில் சுயதொழில் பகுதியில் பாத்திரம் கழுவும் திரவம் செய்யும் குறிப்பு ஒன்றும் இருந்தது. அதன் கடைசி வரி, 'நன்கு இறுகும் வரை உப்புச் சேர்க்கவும்'. மேலே உள்ள கட்டுரையின் பொருளும் கீழே உள்ள அந்த வரியின் பொருளும் ஒன்றேதான். மேலே பிழையாக விளங்கியதால் கீழே பிழையான ஆலோசனை வந்திருக்கிறது.

முதலில் வால்களின் சங்கதி. காபன் வால்கள் ஒன்றையொன்று பெரிதாக இழுப்பதில்லை. நீர்தான் அவற்றை ஒதுக்குகிறது. நீர் மூலக்கூறுகள் தமக்குள் ஐதரசன் பிணைப்புகளால் கை கோத்து நிற்பவை. நடுவே எண்ணெய்த்தன்மையான வால் ஒன்று நுழைந்தால் அதைச் சுற்றி ஒழுங்காக வரிசைப்பட வேண்டிய நிர்ப்பந்தம் நீருக்கு ஏற்படுகிறது. அந்த ஒழுங்கின் செலவைக் குறைக்கவே வால்கள் ஓரிடத்தில் ஒதுக்கப்படுகின்றன; நீரை விரும்பும் தலைகள் வெளியே நிற்கின்றன. இது எல்லாச் செறிவிலும் நடப்பதில்லை. பன்னிரண்டு காபன் வாலுள்ள சவர்க்காரப் பொருளான சோடியம் டொடெசில் சல்பேற்றை எடுத்தால், 25 பாகை செல்சியசில் லீற்றருக்கு ஏறத்தாழ 8 மில்லிமோல், அதாவது 2.3 கிராமுக்குச் சற்று மேலே போன பின்புதான் மைசெல்கள் தோன்றும். அதற்குக் கீழே மூலக்கூறுகள் தனித்தனியாகவே திரியும். தோன்றும் ஒவ்வொரு உருண்டையிலும் 60 மூலக்கூறுகள் அளவில் இருக்கும்.

ஏன் உருண்டை, ஏன் உருளை? இதற்கு விடை கேத்திர கணிதத்தில் இருக்கிறது. 1976 இல் இஸ்ரேலாச்விலி, மிச்செல், நின்ஹாம் என்ற ஆய்வாளர்கள் மூவரும் முன்வைத்த எண் ஒன்று போதும்: வாலின் கனவளவை, தலை பிடிக்கும் பரப்பாலும் வாலின் முழு நீளத்தாலும் வகுத்தால் வருவது. அது மூன்றில் ஒன்றுக்குக் கீழே இருந்தால் உருண்டை. மூன்றில் ஒன்றுக்கும் அரைக்கும் இடையே என்றால் உருளை. அரையைத் தாண்டினால் தட்டையான இரட்டைப் படலம் அல்லது உள்ளே நீரை அடைத்த பை. பன்னிரண்டு காபன் வாலுக்கு நீளம் 1.67 நனோமீற்றர், கனவளவு 0.35 கன நனோமீற்றர். ஒன்றை மற்றதால் வகுத்தால் 0.21 சதுர நனோமீற்றர். ஆகவே ஒவ்வொரு தலையும் 0.63 சதுர நனோமீற்றருக்கு மேல் இடம் பிடித்தால் உருண்டை. 0.63 இற்கும் 0.42 இற்கும் இடையே வந்தால் உருளை. மாணவர்கள் இதைத் தாங்களே கணித்துப் பார்க்கலாம்: 1.67 நனோமீற்றர் ஆரையுள்ள கோளத்தின் மேற்பரப்பை 0.63 ஆல் வகுத்தால் 56 வரும். மேலே சொன்ன 60 என்ற கணக்குக்கு அது எவ்வளவு கிட்ட வருகிறது என்று பாருங்கள்.

தலைகள் ஏன் இடம் பிடிக்கின்றன? அவை மறை ஏற்றம் கொண்டவை; ஒன்றையொன்று தள்ளும். கரைசலில் உப்புப் போட்டால் சோடியம் அயன்கள் தலைகளுக்கிடையே வந்து நின்று அந்தத் தள்ளலை மறைக்கின்றன. தலைகள் நெருங்குகின்றன, பரப்புச் சுருங்குகிறது, எண் மூன்றில் ஒன்றைக் கடக்கிறது. உருண்டை தன் உருவத்தை விட்டு நீளத் தொடங்குகிறது. சுயதொழில் குறிப்பில் உள்ள உப்பின் வேலை இவ்வளவுதான். உப்பு எதையும் 'தடிப்பாக்குவதில்லை', மைசெல்களை நீட்டுகிறது. நீண்டவை நூடில்ஸ் போல ஒன்றுக்குள் ஒன்று சிக்குவதால் திரவம் இறுகியதாகத் தெரிகிறது.

மணிமாலைப் படம் பிழையாவது இந்த இடத்தில்தான். உருளையின் உடலில் ஒவ்வொரு தலையும் தனக்கு உகந்த பரப்பில் அமைந்திருக்கிறது. இரண்டு முனைகளில் மட்டும் அரைக்கோள மூடி வேண்டும். அந்த மூடியில் இருக்கும் மூலக்கூறுகளுக்கு வளைவு கூட, எனவே அவற்றின் சக்திச் செலவும் கூட. முனைகளின் எண்ணிக்கையைக் குறைக்கவே தொகுதி முயல்கிறது. ஒரு நீண்ட உருளைக்கும் இரண்டு முனைதான், ஒரு குட்டை உருளைக்கும் இரண்டு முனைதான் என்பதால் நீளுவது இலாபம். மணிகளை ஒட்டி வைத்தால் இடையிடையே இடுப்பு விழும்; அந்த இடுப்பு ஒவ்வொன்றும் வீண் செலவு. ஆகவே உண்மையான உருளையில் இடுப்பு இல்லை, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிப்பு. இரண்டு உருளைகள் முனையோடு முனை சேரவும் செய்யும், நடுவில் முறியவும் செய்யும்; இது ஓயாமல் நடக்கிறது. சராசரி நீளம் செறிவின் வர்க்கமூலத்தோடும், முனைச் செலவோடு அடுக்கேற்றமாகவும் ஏறும். இரு முனைகளினதும் செலவு வெப்பசக்தி அலகில் (வெப்பத்தால் மூலக்கூறுகள் அசையும் சக்தியை ஒன்று என்று கொண்டு) 2 கூடினால் நீளம் 2.7 மடங்காகும்.

அடுக்கேற்றம் என்பதால் வெப்பநிலைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. மலையகத்தில் இத்தொழில் செய்வோருக்கு இது பணம் சார்ந்த விடயம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காலையில் 15 பாகை சாதாரணம். அந்தக் குளிரில் தேன்போல நிற்கும் திரவத்தைப் போத்தலில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்பினால் அங்கே 30 பாகையில் தண்ணீராகிவிட்டது என்று திரும்பி வரும். முனைச் செலவு 15 பாகையில் வெப்பசக்தியின் 25 மடங்கு என்று எடுத்துக் கணித்தால், 30 பாகையில் உருளைகளின் சராசரி நீளம் ஏறத்தாழப் பாதியாகிறது. நீளம் பாதியானால் பாகுமை (திரவம் ஓட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) பாதியோடு நிற்காது, அதைவிடப் பல மடங்கு இறங்கும். வாங்கியவர் கலப்படம் என்று நினைப்பார். தீர்வு மிக எளிது: உப்பை முடிவு செய்யும் முன் ஒரு போத்தல் மாதிரியை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து 25 முதல் 30 பாகைக்குக் கொண்டு வந்து, அங்கே ஓட்டத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள். மலைக் காற்றில் தீர்மானிக்காதீர்கள்.

இனி 'இறுகும் வரை' என்ற சொல். உப்பின் அளவுக்கு எதிரே பாகுமையை வரைந்தால் வருவது ஏறுகோடு அல்ல, ஒரு மலை. ஏறும், உச்சி தொடும், பிறகு இறங்கும். உச்சிக்கு அப்பால் தலைகள் இன்னும் நெருங்குவதால் முனைகளைவிடக் கிளைச் சந்திகள் மலிவாகின்றன. உருளைகள் கிளைவிட்டு வலையாகும். வலை என்றால் இன்னும் இறுக வேண்டாமா என்று கேட்கலாம். இந்தச் சந்திகள் முடிச்சுப் போட்டவை அல்ல, உருளை வழியே வழுக்கி நகரக் கூடியவை. சிக்கல் அவிழ அதுவே குறுக்கு வழியாகிவிடுகிறது. திரவம் மீண்டும் இளகுகிறது. இன்னும் உப்பிட்டால் பால்போல் மங்கி இரண்டு படையாகப் பிரியும். உச்சியைத் தாண்டியவர் திரவம் இளகியதைக் கண்டு 'உப்புக் காணாது' என்று மேலும் ஒரு பிடி போடுகிறார். அத்தோடு அந்தத் தொகை கெட்டது. திருத்த வழி உண்டு, ஆனால் அது உப்பு அல்ல: உப்பில்லாத அடிக்கரைசலை மேலும் சேர்த்து உப்பின் வீதத்தைக் குறைக்க வேண்டும்.

10 கிலோ செய்வதற்கு ஓர் அளவு தருகிறோம். நீர் 7.4 கிலோ. கடைகளில் 70 வீதப் பசையாக விற்கும் எஸ்.எல்.ஈ.எஸ். (சோடியம் லோரெத் சல்பேற்று என்ற சவர்க்காரப் பொருள்) 1.3 கிலோ. துணைச் சவர்க்காரப் பொருளான 30 வீத பீட்டெய்ன் 300 கிராம். இந்த 9 கிலோதான் அடிக்கரைசல். மிச்சம் 1 கிலோ, 250 கிராம் உப்பை 750 கிராம் நீரில் கரைத்து வடிகட்டிய உப்புநீர். இது முழுவதும் போகாது, கையில் இருக்க வேண்டியது. பசையை நீருக்குள் போடுங்கள், பசை மேல் நீரை ஊற்றாதீர்கள். காரணம் இருக்கிறது. 70 வீதத்தில் பசை தட்டையான படலங்களாக அடுக்கியிருக்கிறது, ஓரளவு இளகும். அதில் கொஞ்சம் நீர் சேர்ந்து செறிவு பாதியளவுக்கு இறங்கும்போது படலங்கள் உருளைகளாக மாறி, தேன்கூட்டின் அறைகள்போல ஆறுபக்க ஒழுங்கில் நெருக்கமாக அடுக்கப்படும். அந்த நிலை பசையைவிடக் கடினமானது. கரண்டியால் அழுத்தினாலும் நசுங்காத கண்ணாடிக் கட்டிகளாக வாளியின் அடியில் கிடக்கும். நீர் நிறைய இருக்கும் இடத்தில் எலுமிச்சங்காய் அளவு துண்டுகளாகப் போட்டால் அந்த நிலையை விரைவாகத் தாண்டிவிடும். கட்டி விழுந்துவிட்டால் மூடி வைத்து இரவு முழுக்க விடுங்கள். அடித்துக் கலக்கினால் நுரைதான் மிஞ்சும்.

உப்பை வாளியில் நேரே சோதிக்க வேண்டாம். அடிக்கரைசலை 90 கிராம் வீதம் ஆறு சிறு போத்தலில் எடுங்கள். ஒன்றுக்கு நீர் மட்டும் 10 கிராம். மற்றவற்றுக்கு உப்புநீர் 2, 4, 6, 8, 10 கிராம். குறைவதை நீரால் 10 கிராமாக்குங்கள். இப்போது சேர்த்த உப்பு 0, 0.5, 1.0, 1.5, 2.0, 2.5 வீதமாக நிற்கும். பீட்டெய்ன் திரவத்திலேயே ஏறத்தாழ 5 வீதம் உப்பு இருப்பதால் பூச்சியப் போத்தலும் முழுப் பூச்சியம் அல்ல. போத்தல்களை ஒரே வெப்பநிலைக்குக் கொண்டு வந்து, கவிழ்த்து, காற்றுக் குமிழி அடியிலிருந்து மேலே வர எடுக்கும் நேரத்தைக் குறியுங்கள். அதிகம் தாமதிக்கும் போத்தல் உச்சி. வாளிக்கு எடுக்க வேண்டியது அதற்கு ஒரு படி முந்திய அளவு. மணமும் நிறமும் சேர்ப்பதானால் இந்தச் சோதனைக்கு முன்பே சேருங்கள். வாசனை எண்ணெய்கள் மைசெல்லின் உள்ளே குடியேறி அதன் வடிவத்தையே மாற்றக் கூடியவை. கடைசியில் எலுமிச்சை வாசனை விட்டதும் திரவம் தண்ணீரானது என்ற முறைப்பாட்டின் மூலம் பெரும்பாலும் இதுதான்.

உப்பிலும் கவனம் வேண்டும். மூடுபனிக் காலத்தில் கல்லுப்பு ஈரத்தை இழுத்துக் கசியும். 100 கிராம் என்று நிறுத்தால் அதில் ஒரு பங்கு தண்ணீர். தட்டில் வறுத்து ஆறவைத்து நிறுங்கள். கல்லுப்பில் மக்னீசியம், கல்சியம் கலந்திருந்தால் இரட்டை ஏற்றமுள்ள அந்த அயன்கள் தலைகளை இன்னும் வலுவாக மறைத்து உச்சியை முன்னுக்கு இழுக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்று நீரில் சரிவந்த அளவு பதுளை ஊற்று நீரில் சரிவராததன் காரணமும் இதுவே. ஆகவே எந்த அளவையும், நாங்கள் மேலே தந்ததையும் சேர்த்துத்தான், அப்படியே பிரதி பண்ணாமல் ஆறு போத்தலில் பாருங்கள்.

குளிர் பற்றி இன்னொன்று. விலை குறைவு என்று எஸ்.எல்.ஈ.எஸ். பசைக்குப் பதிலாகச் சோடியம் டொடெசில் சல்பேற்றுத் தூள் போடுபவர்கள், நுவரெலியாவில் விடியற்காலையில் போத்தலின் அடியில் வெள்ளை ஊசிகள் படிந்திருப்பதைக் காண்பார்கள். பூஞ்சணம் அல்ல. இந்தத் தூளுக்கு 16 பாகையை அண்டிய ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே மைசெல் ஆகும் அளவுக்கு அது கரையாது, பளிங்காகப் பிரியும். வெயிலில் வைத்தால் தெளியும்.

இந்த இடத்தில், தேயிலை நாட்டவர் பலர் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம். நல்ல சாயமான தேநீர் ஆறியதும் மங்கி, கலங்கலாக வருவது மைசெல்லா? இல்லை. கஃபீனும் தேயிலையின் பல்பீனோல்களும் தம்முள் சேர்ந்து கரையாமற் போவது அது. தலை வால் என்ற பாகுபாடு அங்கில்லை. சுவைஞர்கள் அதை நல்ல தேநீரின் அடையாளமாக எடுப்பது வேறு கதை.

இப்போது கட்டுரையின் உண்மையான பொருளான பல்பகுதியத்துக்கு வருவோம். இங்கே தலையும் வாலும் சிறு மூலக்கூறுகள் அல்ல. ஒன்று கரைப்பானை விரும்பும், மற்றது வெறுக்கும், இப்படி இரண்டு சங்கிலித் துண்டுகள் முனையோடு முனை பிணைந்தவை. கேத்திர கணிதம் இங்கும் செல்லும். 1995 இல் சாங், ஐசன்பேர்க் இருவரும் பொலிஸ்டைரீனும் பொலிஅக்கிரிலிக்கமிலமும் இணைந்த சங்கிலிகளில், அமிலத் துண்டைக் குட்டையாக்கக் குட்டையாக்க உருண்டை, உருளை, பை என்று வடிவம் மாறுவதைக் காட்டினார்கள். ஆனால் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. சவர்க்கார மூலக்கூறு ஒரு மைசெல்லை விட்டு மற்றதற்குப் போக ஒரு கணம் போதும். பல்பகுதியச் சங்கிலியின் நீண்ட வால் வெளியே வருவது மிகக் கடினம். பொலிஸ்டைரீன் உட்கரு அறை வெப்பநிலையில் கண்ணாடிபோல் உறைந்திருக்கும், அதன் இளகுநிலை 100 பாகையளவில். ஆகவே எந்த வழியில் செய்தீர்களோ அந்த வடிவத்திலேயே அது மாட்டிக் கொள்ளும். நீரை விரைவாகச் சேர்த்தால் ஒன்று, துளித் துளியாகச் சேர்த்தால் வேறொன்று. கட்டுரையில் 'தானாகவே சரியான வடிவத்தை அடைகிறது' என்று எழுதியது சவர்க்காரத்துக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

மாட்டிக் கொள்ளும் இந்தக் குணத்தையே வசதியாக்கியவர்கள் இயன் மானர்ஸ், மிச்செல் வினிக் ஆகியோரின் குழுவினர். அவர்கள் எடுத்த உட்கருத் துண்டு, இரும்பும் சிலிக்கனும் தன் முதுகெலும்பில் கொண்ட பொலிபெரோசீனைல்டைமெதில்சைலேன். அது வெறுமனே நீரை அல்லது கரைப்பானை வெறுத்து ஒதுங்குவதோடு நிற்பதில்லை, பளிங்காகவும் ஆகிறது. மறு துண்டு பொலிஐசோப்பிரீன். எமது இறப்பர் பாலில் உள்ள அதே அலகு. எட்சேன் என்ற கரைப்பான் இறப்பர்த் துண்டைக் கரைக்கும், இரும்புத் துண்டைக் கரைக்காது. பளிங்கு எந்தப் பக்கமும் வளரலாம் என்றாலும், நீண்ட இறப்பர்ச் சங்கிலிகள் பக்கங்களில் புதர்போல் அடர்ந்து நின்று மறைப்பதால் திறந்திருக்கும் முகங்கள் இரண்டு முனைகளே. புதிதாக வரும் சங்கிலி முனையில் மட்டுமே குந்துகிறது. 2007 இல் சயன்ஸ் இதழில் வெளியான அவர்களின் ஆய்வின் சாரம் இதுதான்: முனை உயிரோடு இருக்கிறது, ஊட்டினால் மேலும் வளரும். வேறொரு வகைச் சங்கிலியை ஊட்டினால் நடுத்துண்டு ஒன்று, இரு ஓரத்துண்டுகள் வேறொன்று என்று கட்டம் கட்டமான உருளையும் கிடைக்கும்.

செய்முறை இப்படி. இறப்பர்த் துண்டின் அலகுகள் இரும்புத் துண்டினதைப் போல ஆறு மடங்களவு இருக்க வேண்டும். அதைவிடக் குட்டையானால் பக்கங்களின் மறைப்புப் போதாது, உருளைக்குப் பதில் தட்டுகள் வரும். அப்பல்பகுதியத்தை இறுக மூடிய குப்பியில் எட்சேனில் இட்டு, எட்சேனின் கொதிநிலையான 69 பாகையைத் தொடாமல் சூடாக்கி, மெதுவாக ஆறவிட்டு ஒரு நாள் வைத்தால் பல மைக்குரோமீற்றர் நீளமான, ஆனால் ஒழுங்கற்ற நீளங்களில் உருளைகள் வரும். குப்பியைப் பனிக்கட்டிக்குள் வைத்துக் கழியொலியால் (காதுக்கு எட்டாத உயர் அதிர்வொலியால்) முறித்தால் 50 நனோமீற்றர் போன்ற குட்டை வித்துகளாகும்; பிறகு ஊட்டும் சங்கிலிகள் இவற்றின் முனைகளில்தான் வளரும். பனிக்கட்டி அலங்காரத்துக்கு அல்ல: கழியொலி சூடேற்றும், சூடேறினால் முறிந்த துண்டுகளில் பலவீனமான பளிங்குகள் கரைந்து, பின்னர் தப்பியவற்றின் முனையிலேயே போய் ஒட்டும். வித்தின் எண்ணிக்கை குறைந்துவிடும், கணக்கும் தப்பும்.

கணக்கு என்றது இதைத்தான். மில்லிலீற்றருக்கு 0.02 மில்லிகிராம் வித்துள்ள எட்சேன் 2 மில்லிலீற்றர் எடுத்தால் வித்து 0.04 மில்லிகிராம். டெட்ராஐதரோபியூரான் என்ற இன்னொரு கரைப்பான் இரண்டு துண்டுகளையும் கரைக்கும். அதில் மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் என்று தனிச் சங்கிலிகளைக் கரைத்து 40 மைக்குரோலீற்றர் விட்டால் 0.4 மில்லிகிராம் சேர்கிறது. வித்தின் பத்து மடங்கு. எல்லாம் முனைகளில் சேர்ந்தால் நீளம் 50 இன் பதினொரு மடங்கு, அதாவது 550 நனோமீற்றர். இரு மடங்கு ஊட்டினால் 1,050. நேர்கோடு. விட்டவுடன் சில வினாடி குலுக்கி, ஓர் இரவு அசையாமல் விட வேண்டும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒருபோதும் இப்படிக் கணக்கிட முடியாது. அங்கே உருளைகள் ஓயாமல் முறிந்து சேர்வதால் குட்டையும் நெட்டையும் கலந்தே இருக்கும். இங்கே முறிவதுமில்லை, ஒன்றோடொன்று மாற்றிக் கொள்வதுமில்லை. உலகில் மைசெல் என்ற ஒரே பெயரில் இவ்வளவு வேறுபட்ட இரண்டு நடத்தைகள் இருப்பதைக் கட்டுரை சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பிழைக்கும் இடங்கள் சில. டெட்ராஐதரோபியூரான் கூடினால் அது வித்தையே கரைக்கத் தொடங்கும். மேலே சொன்ன கணக்கில் அது 2 வீதம்தான். வித்து மிகக் குறைவாகவும் ஊட்டு மிக அதிகமாகவும் இருந்தால் சங்கிலிகள் முனைக்குக் காத்திராமல் தாமே புதிய பளிங்குகளைத் தொடங்கும், நீண்டவற்றோடு குட்டைகளும் கலக்கும். தயாரிப்பில் இறப்பர்த் துண்டு சேராமல் தங்கிய வெறும் இரும்புத் துண்டுச் சங்கிலிகள் கலந்திருந்தால் பக்கத்தை மறைக்க எதுவும் இல்லாததால் முனை அகன்று தட்டையாகும். முடிவைப் பார்க்க ஒரு துளியைக் காபன் பூசிய செப்பு வலையில் காயவைத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைப்பார்கள். உட்கருவில் இரும்பு இருப்பதால் சாயமேற்றாமலே கறுத்த கோடாகத் தெரியும். பல சேதனப் பல்பகுதியங்களுக்கு இந்த வசதி இல்லை. குறைந்தது நூறு உருளைகளையாவது அளந்த பின்புதான் சராசரி பேச வேண்டும். அழகான நாலை அளந்து படம் போடுவது நேர்மையல்ல.

எட்சேனும் டெட்ராஐதரோபியூரானும் எளிதில் தீப்பற்றுபவை. பின்னது நாட்பட்டால் வெடிக்கக் கூடிய பரொட்சைட்டுகளையும் சேர்த்து வைத்திருக்கும். ஆகவே இப்பகுதி பாடசாலைக்கு உரியதல்ல, வாசிப்புக்கு மட்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், நீளம் வெறும் அழகு அல்ல. 2007 இல் டென்னிஸ் டிஸ்கரின் குழு நூல் வடிவ மைசெல்களை எலிகளின் இரத்தத்தில் செலுத்திப் பார்த்தபோது அவை ஒரு வாரம் வரை சுற்றி வந்தன. உருண்டைகளைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு காலம். நூல் ஓட்டத்தோடு வளைந்து கொடுப்பதால் கலங்கள் அதை எளிதில் விழுங்குவதில்லை. கட்டுரையில் 'புற்றுநோய் மருந்தாக விரைவில் கடைக்கு வரும்' என்று எழுதியது மட்டும் வேண்டாத அவசரம். எலியில் சுற்றியது ஒன்று, நோயாளி வாங்குவது வேறு.

வகுப்பறையில் காட்டுவதற்கு எளிய ஒன்று சொல்கிறோம். மேலே சொன்ன ஆறு போத்தல்களில் உச்சிப் போத்தலை எடுத்து, சிறு குமிழிகள் உள்ளே இருக்கும்போது கையால் வேகமாக ஒரு சுற்றுச் சுழற்றிச் சட்டென நிறுத்துங்கள். குமிழிகள் நின்றுவிடாமல் ஒரு நொடி பின்னோக்கித் திரும்பி வரும். இறப்பர் நாடாவை இழுத்து விட்டதுபோல. தேனிலோ பாணியிலோ இது நடக்காது, அவை இறுக்கமாக மட்டும் இருப்பவை. பின்வாங்கும் குமிழி, நீண்ட உருளைகள் சிக்கி, அவிழவோ முறியவோ நேரமில்லாமல் இழுபட்டதற்குச் சாட்சி. உப்பில்லாத போத்தலிலும், உச்சியை நன்றாகத் தாண்டிய போத்தலிலும் செய்து பாருங்கள். முன்னதில் பின்வாங்கல் இராது, பின்னதில் மிகக் குறையும். செலவு ஒரு போத்தல் திரவமும் ஒரு கைப்பிடி உப்பும்.

மணிமாலைப் படத்துக்குப் பதிலாக, முனைகளில் மட்டும் மூடியுள்ள ஒரே தடிப்பான உருளையை அடுத்த இதழில் வெளியிடும்படி கேட்டுக் கொள்கிறோம். சுயதொழில் குறிப்பின் கடைசி வரியை, 'ஆறு மாதிரியில் உச்சியைக் கண்டு, அதற்கு ஒரு படி முன்னே நிறுத்தவும். 25 பாகைக்குக் குறையாத வெப்பநிலையில் பார்க்கவும்' என்று மாற்றினால் போதும்.

இங்ஙனம்,
உயர்தர இரசாயனவியல் ஆசிரியர்கள் இருவர்,
பண்டாரவளை